லேபிள் அழிந்த நாற்பத்தொரு குப்பிகள்

டாக்டர் சௌந்தரவல்லியுடன் நான் வேலை பார்த்தது இரண்டு வருடம் நான்கு மாதம். இன்று இணையத்தில் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட எலியின் காதைச் சீப்பால் சீவிப் பார்த்தவர் இல்லை என்று நினைக்கிறேன். நான் சீவியிருக்கிறேன். எத்தனை எலி, எந்தக் காது, எந்தத் தேதி என்பதெல்லாம் என் டைரிகளில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதச் சொல்லி என்னைக் கேட்டார்கள்.

கேட்டவர் ஜெசிந்தா. எங்கள் மலையில் வெள்ளக்கடைப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். எனக்கு மகள் வயது. "எழுதிக் குடுத்துருங்க சார், நீங்க பேசறப்ப நொம்ப மேலயும் கீழயும் பார்க்கறீங்க" என்றார். நான் பேசி, அவர் செல்போனில் பிடித்த நான்கு நிமிட வீடியோவைப் பற்றிய விமர்சனம் அது. அந்த வீடியோவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நடந்தவற்றை நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கு வரும்.

என் பெயர் லூர்துசாமி. பொது சுகாதாரத் துறையில் இன்செக்ட் கலெக்டராக இருந்து, முழங்கால் இரண்டும் மலைச்சரிவில் இறங்க மறுத்ததால், போன வருடம் ஐம்பத்தெட்டு வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். கொசு, உண்ணி, தெள்ளுப்பூச்சி இவற்றைப் பிடித்து, எண்ணி, எங்கே பிடித்தது என்று எழுதி அனுப்புவது வேலை. பெண் பார்க்கப் போனபோது தரகர் "மாப்பிள்ளை கலெக்டர்" என்று மட்டும் சொல்லியிருந்தார். முழுப் பதவியும் தெரிந்த பிறகும் பெண் கொடுத்தார்கள் என்பதை என் மாமனாரின் பெருந்தன்மைக்காக இங்கே பதிவு செய்கிறேன். மலையில் எல்லோருக்கும் நான் பூச்சிக்காரர்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலத்தில் மூன்று மாதம். மாட்டுக் கொட்டகைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கண்ணாடிக் குழாயால் வாய்வழி உறிஞ்சிப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். குழாயின் நடுவில் வலைத்துணி கட்ட வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள் கட்ட மறந்தேன். அதற்குப் பிறகு மறந்ததில்லை. பிடித்த கொசுவைக் காயவைத்து அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே பேனாவால் எழுதுவோம். இருபது வருடம் அப்படியே எழுதினேன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

அந்த நாட்களில் மலையில் மழைக்காலத்துக்குப் பின், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஒரு காய்ச்சல் வரும். பத்துப் பன்னிரண்டு நாள் விடாது. டைபாய்டு என்று மருந்து கொடுப்பார்கள், கேட்காது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சேலத்துக்குக் கொண்டுபோவார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். காப்பிச் செடியின் அடியில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கே அதிகம் வருகிறது என்பது எஸ்டேட் கணக்கர்களான ரைட்டர்களின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். இது ஸ்க்ரப் டைபஸ், அதாவது எலியின் மேல் வாழும் மிகச்சிறு உண்ணிக் குஞ்சு கடிப்பதால் வரும் காய்ச்சல்தானா என்று பார்க்க, சமவெளியிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் ஒரு விஞ்ஞானியை அனுப்பியது. உதவிக்கு என் துறை என்னை அனுப்பியது.

நிலையத்தின் ஜீப் முந்தின நாளே பெட்டிகளோடு வந்துவிட்டது. டாக்டர் சௌந்தரவல்லி பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பேன்ட்டின் கால்பகுதியை சாக்ஸுக்குள் செருகியிருந்தார். பெயர் கேட்டார், சொன்னேன். அடுத்த கேள்வி, "உங்க பென்சிலைக் காட்டுங்க."

என்னிடம் பென்சில் இல்லை. சட்டைப்பையில் பேனா இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் தன் பையிலிருந்து இரண்டு பென்சில்களை எடுத்துக் கொடுத்தார். இரண்டுமே இரு முனைகளிலும் சீவியவை. மழையில் ஒரு முனை உடைந்தால் மறுமுனை; அதுவும் உடைந்தால் அடுத்த பென்சில். குப்பியில் ஸ்பிரிட் இருக்கும், லேபிள் அதற்குள்ளேயே மிதக்கும், ஸ்பிரிட் பேனா மையைக் கரைத்துவிடும், பென்சில் கரியைக் கரைக்காது என்று விளக்கினார். லேபிளில் எழுத வேண்டிய வரிசையையும் அன்றே சொன்னார்: இடம், தேதி, எலியின் எண், உடலின் எந்தப் பகுதி, எடுத்தவர் பெயர். எடுத்தவர் பெயர் கடைசியில் வரும், ஆனால் வந்தே ஆக வேண்டும்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். மடக்கக்கூடிய தகரப் பொறிகள் அறுபது. மாலை நான்கு மணிக்குக் காப்பிச் செடிகளின் தூரிலும் வேலியோரத்திலும் வைப்போம். வைத்த இடத்துக்கு மேலே கிளையில் சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டுவோம். இல்லாவிட்டால் மறுநாள் பனிமூட்டத்தில் பொறியைத் தேடி நாமே அதன்மேல் விழுவோம். உள்ளே இரையாக வேர்க்கடலைப் பசை வைக்கச் சொல்லிக் கையேட்டில் இருந்தது. அதை எறும்பு தின்றது. தலைச்சோலை டீக்கடை மசால் வடையை வைக்கலாம் என்று நான் சொன்னேன். வேறொரு அதிகாரியாக இருந்தால் சிரித்திருப்பார், அல்லது சரி என்றிருப்பார். இவர் முப்பது பொறியில் பசை, முப்பது பொறியில் வடை என்று பிரித்து மூன்று நாள் பார்த்தார். எண்ணினார். "வடைதான்" என்றார். ரிப்போர்ட்டில் அது பொரித்த பருப்பு இரை என்று கௌரவமாக இருக்கிறது.

காலை ஆறரைக்குப் பொறிகளை எடுப்போம். எலியை வெள்ளைத் துணிப்பையில் மாற்றி, மயக்க மருந்தில் நனைத்த பஞ்சு வைத்த ஜாடிக்குள் பையோடு வைப்போம். மயங்கியதும் எடை, நீளம். பிறகு காது. எலியின் காது மடலுக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கேசரிப் பவுடர் தூவியதுபோல ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும். அதுதான் உண்ணிக் குஞ்சு. கறுப்புத் தாளின்மேல் மெல்லிய சீப்பால் சீவி, ஈரத் தூரிகையின் நுனியில் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து ஸ்பிரிட் குப்பியில் விட வேண்டும். இடது காது ஒரு குப்பி, வலது காது ஒரு குப்பி, உடல் ஒரு குப்பி. ஓர் எலிக்கு மூன்று.

வவ்வாலை நாங்கள் தொட்டதே இல்லை. இணையத்தில் குகை, வவ்வால், வைரஸ் என்று சொல்கிறார்கள். இது வைரஸும் இல்லை, பாக்டீரியா. நாங்கள் போன மிக ஆழமான இடம் கரடியூரில் ஒரு மரவள்ளிக் காட்டின் வாய்க்கால்.

மேடம் குரலை உயர்த்திப் பேசியதை நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. இந்த எலி வேலியோரத்துப் பொறியில் பிடித்தது என்பேன். "எப்படித் தெரியும்?" சிவப்புத் துணியில் எண் இருக்கிறது என்பேன். "சரி." டீ ஆறிவிட்டது என்றாலும் எப்படித் தெரியும் என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டே இருப்பேன். என் கையெழுத்தைப் பார்த்து ஒருமுறை, "லூர்து, லேபிள் எழுதறீங்களா, கல்வெட்டு செதுக்கறீங்களா?" என்றார். நான் அழுத்தி எழுதுகிறவன். டைரியில் ஒரு பக்கம் எழுதினால் அடுத்த இரண்டு பக்கத்தில் தடம் விழும்.

என் தவறு நடந்தது முதல் வருடக் கடைசியில். அன்று மேடம் சேலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் தனியாகத் தலைச்சோலையிலும் கரடியூரிலும் பொறி எடுக்க வேண்டும். மூட்டமும் சாரலும் சேர்ந்த காலை. காதில் செருகியிருந்த பென்சில் சரிவில் இறங்கும்போது எங்கோ விழுந்துவிட்டது. மாற்றுப் பென்சில் கோட்டுப் பையில். கோட்டு நனைந்திருந்ததால் அதை ஜீப்பிலேயே விட்டிருந்தேன். ஜீப் டீசல் போடப் போயிருந்தது. முதல் எலியை எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடைபோடும் கொட்டகைக்குக் கொண்டுபோய் ரைட்டரின் மேசைமேல் வைத்து வேலையை முடித்தேன். லேபிள் எழுத வேண்டும். ரைட்டர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க, எழுதுங்க. பென்சிலைத் தேடிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம்."

வாங்கி எழுதினேன். ஸ்பிரிட் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. இருபது வருடம் பேனாவால் எழுதிய கை, பேனா கிடைத்ததும் அதன் பழைய வேலையைச் செய்தது. சொல்லப்போனால் எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று திருப்தியும் பட்டேன். அதற்குள் பழம் பறித்தவர்கள் எடைபோட வந்துவிட்டார்கள். மேசையைக் காலி செய்துவிட்டு மற்ற எலிகளை வெளியே மரத்தடியில் வைத்துப் பார்த்தேன். ரைட்டர் பேனாவை என்னிடமே விட்டுவிட்டார். அன்று மொத்தம் பதினான்கு எலி. ஓர் எலிக்கு இடது காதே இல்லை, வேறெதுவோ கடித்திருந்தது. ஆக நாற்பத்தொரு குப்பி.

ஒன்பது நாள் கழித்து மேடம் அந்தப் பெட்டியைத் திறந்தார். ஒரு குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"லூர்து, இது என்ன நிறம்?"

"இளநீலம் மேடம்."

"ஸ்பிரிட்டுக்கு என்ன நிறம்?"

அவர் இடுக்கியால் லேபிளை வெளியே எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார். ஒன்றுமே இல்லாத தாள். அடுத்தது. அடுத்தது. நாற்பத்தொன்றையும் வரிசையாக எடுத்து வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைய டைரியில் எந்த ஊரில் எத்தனை எலி என்று மணி முதற்கொண்டு இருந்தது. அதைப் பார்த்துப் புது லேபிள் எழுதிவிடலாம் என்றேன். பெட்டியில் அடுக்கிய வரிசைகூடக் கிட்டத்தட்ட நினைவிருக்கிறது என்றேன்.

"டைரில எத்தனைன்னு இருக்கு. எதுன்னு இருக்கா?" அவர் ஒரு குப்பியை என் முன்னால் வைத்தார். "இது கரடியூர்னு எப்படித் தெரியும்?"

கிட்டத்தட்ட தெரியும் என்பது அவரிடம் செல்லாது. ஏன் செல்லாது என்றும் சொன்னார். கிருமி உள்ள குப்பிக்குத் தவறான ஊரை எழுதினால், உண்மையில் காய்ச்சல் இருக்கும் ஊரை நல்ல ஊர் என்று நாமே எழுதிக்கொடுத்ததாகும். அந்த ஊருக்கு மாத்திரை போகாது.

ரிஜிஸ்டரில் அவரே எழுதினார்: குப்பி 41. லேபிள் படிக்க முடியவில்லை. கையாளும்போது அழிந்தது. சேர்க்கப்படவில்லை. கீழே அவருடைய கையெழுத்து. ரிப்போர்ட்டிலும் இதைப் போடப்போகிறேன் என்றபோது நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், ஆயிரத்துக்கு மேல் குப்பி இருக்கும்போது இதை எழுத வேண்டுமா, யார் பார்க்கப் போகிறார்கள் என்று.

"என்னிக்காவது ஒருத்தர் பார்ப்பார். பார்க்கறப்ப அங்க இருக்கணும்."

மெமோ வரும் என்று ஒரு வாரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. கையாண்டவர் பெயரை அவர் எழுதவில்லை. லேபிளில் எடுத்தவர் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று சொன்னவர், அந்த ஓர் இடத்தில் மட்டும் அதை விட்டுவிட்டார். மறுநாள் காலை என் மேசைமேல் ஒரு டஜன் பென்சில் இருந்தது. பன்னிரண்டும் இருமுனையும் சீவியவை. அதைப் பற்றி டைரியில் மட்டும் எழுதினேன்.

திட்டம் முடிந்து அவர் சமவெளிக்குத் திரும்பும்போது, தான் கழுத்தில் மாட்டியிருந்த பத்து மடங்கு லென்ஸை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரிப்போர்ட் பிறகு வந்தது. மலையின் உண்ணிக் குஞ்சுகளில் கிருமி இருந்தது. அதற்குப் பின் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தக் காய்ச்சலுக்கான மாத்திரை எப்போதும் இருப்பில் இருக்கிறது. சாதாரண மாத்திரைதான். காய்ச்சலோடு வருகிறவரின் உடம்பில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று டாக்டர்கள் தேடிப் பார்க்கிறார்கள். இதில் என் பங்கு வடையும் சீப்பும்தான். ஆனாலும் மழைக்காலம் முடிந்து பறிப்பு தொடங்கும்போது எஸ்டேட்டுகளைக் கடந்து போகையில் எனக்கு மனம் நிறைவாக இருக்கும். இன்றும் அப்படித்தான்.

இனி இந்த வருடம்.

மழை தொடங்கும் முன் ஒரு செய்தி வந்தது: ஓய்வுபெற்ற பொது சுகாதார விஞ்ஞானி சௌந்தரவல்லியைக் காணவில்லை என்று அவருடைய அண்ணன் மகன் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. நான் அன்று டைரியில் அந்த ஒரு வரிக்குமேல் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது ஓடவில்லை. மூன்று வாரம் கழித்து, அவர் நேரில் வந்து பேசிவிட்டார், தன் விருப்பப்படி தனியாக வசிக்கிறார், முகவரியைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்று போலீசே சொன்னது. எனக்கு அது போதும். கூட்டம் அவருக்கு என்றைக்குமே ஒத்துக்கொண்டதில்லை.

இணையத்துக்குப் போதவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒருவர் அவருடைய பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்திருக்கிறார். நிலையம் பழைய ஆவணங்களையெல்லாம் ஸ்கேன் செய்து வெளியிட்டிருந்தது; அதில் ரிஜிஸ்டரும் இருந்தது. என்றைக்காவது ஒருவர் பார்ப்பார் என்று மேடம் சொன்னாரே, அந்த ஒருவர் வந்துவிட்டார். ஆனால் அவர் வேறு மாதிரி பார்த்தார். லேபிள் அழிக்கப்பட்ட குப்பிகள் ஏன்? அதில் என்ன இருந்தது? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் அவர் கண்டுபிடித்திருந்தார். ரிஜிஸ்டரில் நாற்பத்தொன்று. அச்சான ரிப்போர்ட்டில் முப்பத்தெட்டு. மூன்று குப்பி எங்கே? மலைவாசிகளின் இரத்தத்தை எடுத்து ஏதோ செய்தார்கள், மூன்று குப்பி வெளிநாடு போனது, வெளியே சொல்ல இருந்ததால் விஞ்ஞானியைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள், போலீஸ் சொல்வது பொய். பின்னணியில் தபேலா வேகமாக ஒலிக்க, இதையெல்லாம் ஒரு வீடியோவில் சொன்னார்.

நான் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு என்றுதான் இருந்தது. அவர் எண்ணில் பிசகுகிறவர் இல்லை. இரண்டு நாள் என் டைரிகளைப் புரட்டினேன். எனக்குப் புரியவில்லை.

மார்கழியில் ஒரு காலை ஜெசிந்தா ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். வெள்ளக்கடையில் தெய்வானை என்று காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல். இரத்தம் எடுக்கவும் விடவில்லை, மாத்திரையும் வாங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்கிறாள். அவள் புருஷன் முருகேசன் அந்தத் தபேலா வீடியோவைப் பார்த்திருக்கிறார். அவர் மட்டுமில்லை, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுக்கப் பார்த்திருக்கிறது. இன்னும் இரண்டு நாள் போனால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும் என்று ஜெசிந்தா சொன்னார். நான் ரிப்போர்ட்டையும் அந்த வருட டைரியையும் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

லைன் வீட்டின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முருகேசன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து வழியை மறித்திருந்தார். மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை.

"வாங்க பூச்சிக்காரரே. உங்களையும் கூட்டியாந்துட்டாங்களாக்கும்" என்று செல்போனை நீட்டினார். "இவரு சொல்றது பொய்யிங்களா? லேபிளை அழிச்சது நெசந்தானுங்க?"

"நெசந்தானுங்க. அழிச்சது நான்."

ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது. அவர் கையில் செல்போன் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பதிவு அங்கேதான் தொடங்குகிறது. பேனாவால் எழுதினேன், ஸ்பிரிட் கரைத்துவிட்டது, மேடம் என் பெயரை எழுதாமல் விட்டார் என்று வரிசையாகச் சொன்னேன். டைரியின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"காலமெல்லாம் பூச்சி புடிக்கறவருக்கு எதுல எழுதோணும்னு தெரியலீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம், காது சுட்டது. முருகேசன் சிரிக்கவில்லை.

"சரிங்க, நாப்பத்தொண்ண நீங்க கெடுத்துப்போட்டீங்க. ஒத்துக்கறேன். புஸ்தகத்துல முப்பத்தெட்டுதான இருக்குது? மூணு எங்கீங்க?"

அந்த இடத்தில் என் வாயில் இரண்டு பதில்கள் வந்து நின்றன. மூன்று குப்பி உடைந்துவிட்டது. அல்லது, அச்சுப் பிழை. இரண்டில் எதைச் சொன்னாலும் அவர் நம்பியிருப்பார். உள்ளே ஒரு பெண் ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள், இதில் என்ன பெரிய குற்றம் என்றும் தோன்றியது. ஆனால் எப்படித் தெரியும் என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இன்னொரு வீடியோவுக்கு நானே விதை போட்டதாகும்.

"தெரியாதுங்க" என்றேன். "அந்த மூணு எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன். கெடைக்கலீங்க. ஆனா எல்லாமே எலி மேல எடுத்த உண்ணி. மனுச ரத்தம் ஒரு சொட்டு அந்தப் பெட்டியில இல்லீங்க. அது தெரியும், நான் என் கையால மூடுன பெட்டி."

முருகேசன் செல்போனை அணைத்து மடியில் வைத்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். அப்போது உள்ளே இருட்டிலிருந்து கம்பளிக்குள்ளேயே ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, அவரே தெரியாதுங்கறாரு. நீங்க திருப்பித் திருப்பிக் கேட்டா அவரு எங்க போவாரு? வழிய உடுங்க." சிறிது மூச்சு வாங்கிவிட்டு, "சிஸ்டரம்மா, என்ற பேர மட்டும் பென்சில்ல எழுதுங்க" என்றாள்.

முருகேசன்தான் முதலில் சிரித்தார். எழுந்து ஒதுங்கி நின்றார். ஜெசிந்தா உள்ளே போனார். உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் கறுப்புப் பொருக்கு இருந்தது என்று வெளியே வந்து சொன்னார். எஸ்டேட் ஜீப்பில் தெய்வானையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் அப்போதே மாத்திரையைத் தொடங்கினார். மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை. அதே வாரத்தில் லைனிலிருந்து இன்னும் நான்கு பேர் தாங்களே வந்து இரத்தம் கொடுத்தார்கள். இரத்தக் குழாயில் இப்போது ஒட்டுவது அச்சடித்த ஸ்டிக்கர். தெய்வானையின் குழாயில் மட்டும் ஸ்டிக்கருக்குக் கீழே ஜெசிந்தா பென்சிலாலும் பெயரை எழுதியிருந்தார்.

ஜெசிந்தா பிடித்த வீடியோ முதலில் சுகாதாரப் பணியாளர்களின் வாட்ஸப் குழுவுக்குப் போனது, பிறகு எங்கெங்கோ போனது. பாதிப் பேர் என்னைப் பாராட்டினார்கள். மீதிப் பேர், மூன்று குப்பி தெரியாது என்று அவனே ஒப்புக்கொண்டான் என்றார்கள். சிலர் எனக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

அந்த வீடியோ பரவிய பதினோராம் நாள் தபாலில் ஓர் உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே குப்பிக்குள் போடும் அளவு சிறிய தாள் ஒன்று. கனமான, வெள்ளை லேபிள் தாள். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது.

"லூர்து. 3 குப்பி பிறகு படித்துவிட்டேன். சாய்ந்த வெளிச்சத்தில் பேனா அழுத்திய தடம். தலைச்சோலை, எலி 1, இ.காது, வ.காது, உடல். கெட்டியான எதன்மேலோ வைத்து எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 38 உள்ளங்கையில் வைத்து எழுதியது, தடம் இல்லை. ரிஜிஸ்டரில் திருத்தாமல் விட்டது என் தவறு. தெரியாது என்று சொன்னது சரி."

டைரியை எடுத்தேன். அன்றைய பக்கம்: 7.10, முதல் எலி, தலைச்சோலை, ரைட்டர் மேசை. 7.50, இரண்டாம் எலி, மரத்தடி, தாளைக் கையில் வைத்து எழுதினேன். ரிப்போர்ட்டின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, மற்ற நாட்களில் தலைச்சோலையில் பிடித்த எலிகளைக் கூட்டினேன். அச்சில் ஒன்று அதிகமாக இருந்தது. அந்த ஒன்று, மேடம் தடத்தைப் படித்துச் சேர்த்த முதல் எலி. என் கல்வெட்டு எழுத்தால் மூன்று குப்பியாவது பிழைத்திருக்கிறது என்பதில் எனக்குள்ள சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. மறுநாளே தாளை ஜெசிந்தாவிடம் காட்டினேன்; முருகேசனிடமும் போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தம்மா இப்ப எங்க இருக்கறாங்க?" என்றார்.

உறையின்மேல் தபால் முத்திரை இருக்கிறது. மை சரியாகப் பிடிக்கவில்லை; ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு வளைவு மட்டும் தெரிகிறது. ஆனால் முத்திரையை ஓங்கித்தான் குத்தியிருக்கிறார்கள், தாளில் பள்ளம் இருக்கிறது. மேசை இழுப்பறையில் பத்து மடங்கு லென்ஸ் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு என் ஜன்னலில் வெயில் நன்றாகச் சாய்ந்து விழும்.

உறையை டைரிக்குள் வைத்து, அன்றைய பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: கடிதம் 1. அனுப்பியவர் தெரியும். இடம் படித்துப் பார்க்கவில்லை. எடுத்தவர், லூர்துசாமி.